அண்ணனுக்குப் படைத்த சப்பாத்தி

சிங்கப்பூரில் தமிழர்களுக்குத் தசை வளர்த்துக் கொடுக்கிற பிழைப்பு என்பது முக்கால்வாசி நேரம் பரோட்டாவோடு மல்லுக்கட்டுகிற பிழைப்பு. வெயிட் தூக்கு என்றால் எல்லோரும் தூக்கிவிடுகிறார்கள். பரோட்டாவை விடு என்றால்தான் ஏதோ சொத்தை எழுதிக் கேட்டதுபோல் முகம் சுருங்குகிறது. என்னைப்போல் இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்டவர்களும், என்னைப் போன்றவர்களிடம் மாட்டிக்கொண்டு வறண்ட சப்பாத்தியை மென்றுகொண்டிருப்பவர்களும் இதைப் படித்து ஆறுதல் அடையலாம். அடைய முடியாதவர்களுக்கு ஒன்று மட்டும் சொல்லி வைக்கிறேன். இதில் வருவதெல்லாம் பட்டப்பகலில் நடந்தவை.

என் ஜிம், சிராங்கூன் சாலையிலிருந்து பிரிகிற ஒரு சந்தில், புடவைக் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது. என் பெயர் பவானி, வருகிறவர்களுக்கெல்லாம் கோச். என்னிடம் ஒரே ஒரு சட்டம்தான். எதைச் சாப்பிட்டாலும் வாயில் வைப்பதற்கு முன் தட்டைப் படமெடுத்து எனக்கு அனுப்ப வேண்டும். பொய் சொல்லத் தெரிந்தவர்களுக்கும் தட்டை வைத்துப் பொய் சொல்வது கஷ்டம்.

குழம்பு தனி

குமரேசன் மார்சிலிங்கிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவார். லிஃப்ட் பழுதுபார்க்கிற வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பி முருகேசனின் குடும்பத்தோடு ஒரே வீட்டில் இருந்தார். தம்பி மகள் யாழினி ஏழாம் மாதத்திலேயே பிறந்து, ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் மூச்சுக்குத் தவித்தபோது, மூன்று வருஷம் அலகுக் காவடி எடுப்பதாக முருகனுக்கு வேண்டிக்கொண்டவர் இவர்தான். பிள்ளை பிழைத்துவிட்டது. முதல் வருஷம் காவடியின் கனத்தில் தோள் இற்றுப்போய்விட்டதாம். அதனால் என்னிடம் வந்து சேர்ந்தார்.

ஆள் இடதுகைக்காரர். சாப்பிடுவதும் அந்தக் கையால்தான், யார் முகம் சுளித்தாலும் கவலைப்பட மாட்டார். வலது தோள் சற்றுத் தூக்கியே இருக்கும். கம்பியைப் பிடிக்கும்போது கட்டைவிரலைச் சுற்றிப் போடாமல் மற்ற விரல்களோடு ஒட்டி வைப்பார். நழுவினால் நெஞ்சில் விழும் என்று தொண்டை வற்றக் கத்தியிருக்கிறேன், காதில் போட்டுக்கொண்டதில்லை. பரோட்டா விஷயத்திலும் அப்படித்தான். நிறுத்தச் சொன்ன மறுநாள் காலை அவர் அனுப்பிய படத்தில் கிண்ணம் நிறைய மட்டன் குழம்பு, மேலே விரல் கனத்துக்கு எண்ணெய். போனில் கூப்பிட்டு இது என்ன அநியாயம் என்று கேட்டேன். "பரோட்டாவத்தானே கோச் நிறுத்தச் சொன்னீங்க? குழம்பத் தனியா வாங்குனா அது சூப் லா!" என்றார்.

மஞ்சள் சப்பாத்தி

கடைசியில் ஒரு சமாதானத்துக்கு வந்தோம். கோதுமை மாவோடு கடலை மாவும் சோயா மாவும் கலந்து, தாவ்குவா என்கிற கெட்டி டோஃபுவை உதிர்த்துப் போட்டுப் பிசைந்து, எண்ணெய் விடாமல் சுட்டெடுக்கிற சப்பாத்தி. புரதத்துக்குப் புரதம், ரொட்டிக்கு ரொட்டி. மஞ்சளாக, கனமாக இருக்கும். ருசியைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. செருப்பை மெல்லுகிற மாதிரி இருக்கிறது என்று குமரேசன் தினமும் எனக்கு எழுதி அனுப்புவார். வீட்டில் அதைச் சுட்டுக் கொடுத்தது முருகேசனின் மனைவி சுமதி. அந்தச் சப்பாத்தியைத் தின்று ஏற்றிய தோளோடு இரண்டாம் வருஷக் காவடியை அவர் ஆடிக்கொண்டே கொண்டுபோய்ச் சேர்த்தார்.

அந்த வருஷமே ஒரு மழை நாளில் விரைவுச்சாலையில் வண்டி சறுக்கிவிட்டது. வேலைக்குப் போனவர் வீடு திரும்பவில்லை. காரியத்தன்று நான் மார்சிலிங் போனேன். கூடத்தில் படம் வைத்து, இலையில் அவருக்குப் பிடித்ததையெல்லாம் படைத்திருந்தார்கள். மட்டன் இருந்தது, மீன் வறுவல் இருந்தது, பரோட்டாவும் இருந்தது. இலை ஓரத்தில் என் மஞ்சள் சப்பாத்தி. அழுகைக்கு நடுவில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதை எதற்கம்மா வைத்தாய், அவர் இதைத் திட்டாத நாளே கிடையாதே என்றேன். "திட்டிக்கிட்டே சாப்பிட்டாலும் ஒண்ணுகூட மிச்சம் வெச்சதில்லையே அக்கா" என்றாள் சுமதி.

மிச்சம் ஒரு வருஷம்

சாவு விழுந்த வீட்டுக்கு ஒரு வருஷம் திருவிழா கிடையாது. முதல் திவசம் முடிந்த கையோடு தம்பி முருகேசன் என் மாடிப்படி ஏறி வந்தார். அண்ணனுக்கு நேர்மாறு. ஒல்லி, அடக்கம், நாள் முழுக்கக் கணினி முன் உட்காருகிற உத்தியோகம். ரத்தம் எடுக்க ஊசியைக் காட்டினாலே மயங்கி விழுகிறவர் என்று குமரேசன் கேலி செய்து கேட்டிருக்கிறேன். இரும்பு மாட்டாத வெறும் கம்பியைத் தூக்கச் சொன்னேன். கை உதறியது.

"இந்தத் தோள்ல காவடியா? பால்குடம் எடுங்க, முருகன் கோவிச்சுக்க மாட்டாரு" என்றேன். அவர் வாதாடவில்லை. காவடி எடுக்காமல் போன அந்த வருஷத்தில் யாழினிக்கு மூச்சிரைப்பு திரும்ப வந்து, அடிக்கடி ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாகிவிட்டது என்று மட்டும் சொன்னார். அடுத்த தைப்பூசத்துக்கு நாள் இருக்கிறது, எப்படியாவது தயார் செய்துவிடுங்கள் என்றார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "அண்ணன் கேட்டது மூணு வருஷம் கோச். மிச்சம் ஒண்ணு என் பொண்ணு தலைமேல நிக்குது" என்றார்.

புகை

மஞ்சள் சப்பாத்தி திரும்ப வந்தது. முருகேசன் ஒழுங்காகப் படம் அனுப்பினார், ஆனால் எல்லாப் படமும் மங்கல். போன் கண்ணாடியைத் துடையுங்கள் என்று எழுதினேன். துடைத்துவிட்டேன் கோச் என்று பதில் வந்தது. அடுத்த படமும் பால் ஊற்றியதுபோல்தான் இருந்தது. ஒரு நாள் பொறுமை இழந்து படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தட்டுக்குப் பதில் வாழையிலை. பக்கத்தில் தண்ணீர்ச் செம்பு. ஓரத்தில் மாலை போட்ட ஒரு சட்டத்தின் அடிப்பாகம். மங்கலாகத் தெரிந்தது ஊதுவத்திப் புகை.

மறுநாள் பயிற்சிக்கு வந்தவரிடம் கேட்டேன். சுமதி தினமும் சப்பாத்தியை முதலில் அண்ணன் படத்துக்கு முன் படைத்து, கொஞ்ச நேரம் கழித்துத்தான் இவருக்கு எடுத்துக் கொடுக்கிறாள். முருகனுக்கு வேண்டுதல் இருக்கிற வீட்டில் இறந்தவருக்குத் தினம் இலை போடலாமா என்று கோயிலில் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். அவர்களும் கேட்கவில்லை, எனக்கும் அது தோன்றவில்லை. ஆறின சப்பாத்தியிலும் அதே புரதம்தானே என்று என் புத்தி போயிற்று. முருகேசனுக்கு இதில் விசித்திரமாக எதுவும் படவில்லை. "அவர் சாப்பாடு, அவர் வேண்டுதல். அவரக் கேக்காம நான் எப்படி கோச் தொடுறது?" என்றார்.

கண்ணாடியில் ஒருவர்

எங்கள் தொழிலில் ஒருவருக்குத் தசை ஏற எவ்வளவு நாள் பிடிக்கும் என்பது கையைத் தொட்டாலே தெரியும். முருகேசனுக்கு ஏறிய வேகம் எனக்குப் பிடிக்கவில்லை. சட்டைகள் பத்தாமல் போயின. மாத்திரை, ஊசி ஏதாவது போட்டுக்கொள்கிறீர்களா என்று நேராகவே கேட்டேன். ஊசியா என்று பதறிப்போனார். அவர் சொன்னது உண்மைதான் என்று முகத்தில் தெரிந்தது.

அன்றைக்கு அவர் கம்பியடியில் படுத்துக் கையை உயர்த்தியபோது குனிந்து பார்த்தேன். கட்டைவிரல் மற்ற விரல்களோடு ஒட்டியிருந்தது. நான் அப்படிச் சொல்லிக்கொடுப்பதில்லை. அண்ணன் பயிற்சி செய்து இவர் பார்த்ததும் இல்லை. எழுந்து கண்ணாடி முன் நின்றார். வலது தோள் சற்றுத் தூக்கி இருந்தது. அந்த நேரம் பார்த்து, வாசலில் உட்கார்ந்து வருகிறவர்களுக்குச் சாவி கொடுக்கிற லில்லி ஆன்ட்டி உள்ளே எட்டிப்பார்த்தார். மகளுடைய பிரசவத்துக்கு ஈப்போ போய் அங்கேயே வெகுநாள் தங்கிவிட்டுத் திரும்பியவர். குமரேசன் போனது அவருக்குத் தெரியாது. சந்தோஷமாகக் கையை ஆட்டினார். "வாவ்! குமார் கம் பேக் ஆல்ரெடி! பட் வொய் ஸோ க்வைட் ஒன்?" என்றார்.

டேக்காவில் ஒரு காலை

விரதம் தொடங்குவதற்கு முன் ஒரு காலை, முருகேசனை நானே டேக்கா சந்தைக்குப் பரோட்டா சாப்பிடக் கூட்டிப்போனேன். ஆச்சரியப்படாதீர்கள். பரோட்டா விஷம் கிடையாது. உழைத்த உடம்புக்கு எப்போதாவது ஒன்று, கூடவே முட்டையோ பருப்போ சேர்த்துச் சாப்பிட்டால் ஒன்றும் குடி முழுகிவிடாது. இதை என்னிடம் வருகிறவர்களிடம் நான் சொல்வதில்லை, சொன்னால் ஒன்று நாலாகிவிடும். அன்று அவரைக் கூட்டிப்போனதற்குக் காரணம் வேறு. என் கண்மீதே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

தட்டு வந்தது. நான் டீயை ஆற்றுவதுபோல் பார்த்துக்கொண்டிருந்தேன். முருகேசன் வலதுகைக்காரர். பேனா பிடிப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கை மேசைமேல் சும்மா கிடந்தது. இடது கை வந்து பரோட்டாவைப் பிய்த்தது, குழம்பில் தோய்த்தது, வாய்க்குக் கொண்டுபோனது. என்னங்க, கை என்றேன். அவர் தன் இடது கையைத் திருப்பிப் பார்த்தார், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவரின் கையைப் பார்க்கிற மாதிரி. பிறகு கண்ணை மூடி மென்றார். முகத்தில் அப்படி ஒரு திருப்தி. "எவ்வளவு நாளாச்சு கோச்! கடைசியா அந்த மழை நாள்ல, வேலைக்குப் போறதுக்கு முன்னாடி சாப்பிட்டது" என்றார்.

டீயை அப்படியே மேசைமேல் வைத்துவிட்டு எழுந்தேன்.

தராசு

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை நான் சமையலறைத் தராசைக் கைப்பையில் போட்டுக்கொண்டு மார்சிலிங் போனேன். பயம் வந்தால் சிலர் சாமி கும்பிடுவார்கள். நான் எடை போடுவேன். சுமதி சப்பாத்தியைச் சுட்டு எடுத்ததும் வாங்கி நிறுத்தேன். பிறகு அவள் இலையில் வைத்தாள், ஊதுவத்தி ஏற்றினாள், கூடத்தில் நானும் அவளும் எதிரே உட்கார்ந்திருந்தோம். யாரும் இலையைத் தொடவில்லை. ஆறியதும் எடுத்துத் திரும்ப நிறுத்தேன். சமையல் தெரிந்தவர்களுக்குத் தெரியும், ரொட்டி ஆறினால் ஈரம் போய் எடை குறைய வேண்டும். இது கூடியிருந்தது. தராசைத் தரையில் வைத்துப் பார்த்தேன். சுமதியிடம் புது பேட்டரி வாங்கிப் போட்டுப் பார்த்தேன். கூடித்தான் இருந்தது. கையில் வாங்கிப் பார்த்தபோது சப்பாத்தி சில்லென்றிருந்தது, அந்த வெக்கையில்.

முருகேசன் குளித்துவிட்டு வந்து தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தார். யாழினி பொம்மையோடு என் மடிக்கு வந்தாள். குமரேசன் போனபோது இடுப்பில் இருந்த குழந்தை, அவர் முகம் அவளுக்கு ஞாபகம் இருக்க நியாயமில்லை. பேச்சுக் கொடுப்பதற்காக, அப்பா எப்படி சாப்பிடுறாரு பாரு என்றேன். அவள் என் காதருகில் வந்து, தூங்குகிறவரை எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல் மெதுவாகச் சொன்னாள்: "அப்பா இன்னும் எழுந்திரிக்கல ஆன்ட்டி. இது பெரியப்பா."

உடம்புக் கைமாற்று

அன்றே சுமதியைச் சமையலறைக்குள் இழுத்துப்போய்க் கதவைச் சாத்தினேன். இலை போடுவதை இன்றோடு நிறுத்து என்றேன். சத்தமாகவே சொன்னேன். அவள் மாவைப் பிசைவதை நிறுத்தவில்லை. உனக்குத் தெரியவில்லையா, வெளியே உட்கார்ந்து சாப்பிடுவது யார் என்று கேட்டேன். தெரியும் என்றாள். எப்போதிலிருந்து என்றேன். முதல் வாரத்திலிருந்தே என்றாள்.

குமரேசன் தம்பி தோளில் இறங்கியதிலிருந்து யாழினிக்கு ஒரு தடவைகூட மூச்சிரைக்கவில்லையாம். முருகேசனால் தனியாக அந்தக் காவடியைத் தூக்க முடியாது என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இலையை நிறுத்தினால் வேண்டுதல் பாதியில் நின்றுவிடும். பிள்ளைக்கு ஏதாவது ஆனால் யார் பதில் சொல்வது? சுமதி கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. "என் பொண்ணுக்கு மூச்சு வாங்கிக் குடுத்தவரு அக்கா. தைப்பூசம் அந்த ஒரு நாளைக்கு அவருக்கு உடம்பு குடுக்கக் கூடாதா?" என்றாள்.

அலகு

தைப்பூசத்தன்று காலை சிராங்கூன் சாலைக் கோயிலில் கூட்டத்தோடு நின்றேன். விரத காலம் முழுக்க முருகேசன் என்னிடம் அதிகம் பேசவில்லை. வந்தார், தூக்கினார், போனார். ஊசிக்கு மயங்குகிறவர் அலகைப் பார்த்ததும் விழுந்துவிடுவார், எல்லாம் அதோடு முடிந்துவிடும் என்று உள்ளுக்குள் ஒரு நப்பாசை வைத்திருந்தேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து, குத்துகிறவருக்கு வசதியாக மார்பை நிமிர்த்திக் காட்டினார். அந்த வேலைக்கு வந்திருந்தவர் புது ஆள், இந்தக் குடும்பத்தைத் தெரியாதவர். கொஞ்ச நேரத்தில் எல்லா அலகும் ஏறிவிட்டது. கண் இமைகூட அசையவில்லை.

காவடியைத் தோளில் ஏற்றினார்கள். எழுந்தார், ஒரு சுற்றுச் சுற்றினார், போய்விட்டார். அந்தக் கனத்தோடு அவ்வளவு லேசாக யாரும் எழுந்து நான் பார்த்ததில்லை. சுமதி பால்குடத்தோடு பின்னால் போனாள். அலகு குத்தியவர் கையில் ஒட்டிய திருநீற்றைத் துடைத்துக்கொண்டே என்னிடம் வந்தார். முதல் தடவை எடுக்கிறவர், நல்லபடியாகக் குத்தினீர்கள் என்றேன். அவர் சிரித்துவிட்டார். "யாரு, இவரா முதல் தடவ? நெஞ்சு பூரா பழைய தழும்புங்க. அதே எடத்துலதான் போட்டுவிட்டேன்" என்றார்.

விருந்தாளி

ஊர்வலம் முடிகிற டேங்க் ரோடு கோயிலில் காவடியை இறக்கும்வரை நானும் கூடவே நடந்தேன். கடைசி அலகை எடுத்ததும் அந்த வலது தோள் மெல்லத் தாழ்ந்து இடது தோளுக்குச் சமமாக வந்து நின்றது. நான் அழுதேன். வேண்டுதல் முடிந்தது, பிள்ளை தப்பித்தது, போக வேண்டியவர் போனார், இனி எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று வாய்விட்டுச் சொல்லி அழுதேன். அன்றே சுமதி இலை போடுவதை நிறுத்திவிட்டாள்.

சில வாரம் கழித்து மூன்று பேரும் ஜிம்முக்கு வந்தார்கள். யாழினி பாய்மேல் குதித்து ஓடினாள், மூச்சு சீராக இருந்தது. முருகேசன் பெஞ்சில் உட்கார்ந்தார், முழங்கால்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு. சதை அப்படியே இருந்தது. டாக்டர் தலையை ஸ்கேன் செய்து பார்த்து ஒன்றுமில்லை, ஓய்வெடுக்கட்டும் என்றாராம். பிள்ளை ஓடிவந்து அவர் மடியில் விழுந்தது. அவர் எழுந்து நின்று இடம் விட்டு, "வாங்கம்மா, உட்காருங்க. நல்லா இருக்கீங்களா?" என்றார், அத்தனை மரியாதையாக. வீட்டிலும் அப்படித்தானாம். போடுவதைச் சாப்பிட்டுவிட்டு, சிரமம் கொடுத்துவிட்டேன் என்று சுமதியிடம் சொல்கிறாராம். எந்தக் கதவைத் திறப்பதற்கு முன்னும் தட்டிவிட்டு நிற்கிறாராம். யாழினி அவரை அப்பா என்றும் கூப்பிடுவதில்லை, பெரியப்பா என்றும் கூப்பிடுவதில்லை.

சுமதி என்னை ஜன்னலோரம் தள்ளிக்கொண்டுபோனாள். அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். "அவங்க அண்ணன் போயிட்டாரு அக்கா, அது எனக்கே தெரிஞ்சுது. இவர எங்க போய்க் கூப்பிடுறதுன்னுதான் தெரியல" என்றாள்.

ஆகவே இப்போதெல்லாம் புதிதாகச் சேர வருகிறவர்களிடம், உடம்பை வளர்த்துக் கொடுப்பதோடு என் வேலை முடிந்தது, அதற்குள் யார் குடியிருப்பது என்பதை வீட்டிலேயே பேசி முடித்துவிட்டு வாருங்கள் என்று முதல் நாளே சொல்லிவிடுகிறேன்.